பின்படிக்கட்டு, நான்காம் மாடி

"தல, யார் அந்த முயல்?" என்று போனில் கேட்டான் வாத்து.

போன் கழுவுதொட்டியின் விளிம்பில் இருந்தது. அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"எந்த முயல்?"

"நேத்து விட்ட பதிப்புல முதல் உதாரணம். முயல், பின்படிக்கட்டு, நாலாவது மாடி, சலவைக் கடைக்கு மேல. லிஃப்ட் இல்லாத வீட்ல முயல் எப்படி தல ஏறும்? காலையிலேர்ந்து இதே யோசனையா இருக்கு."

அவன் நுரையைத் துப்பினான்.

"முழு முகவரியும் வந்திருக்கா?"

"கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் எண், எல்லாம். அழகாப் பிரிஞ்சிருக்கு. கஷ்டமான கேஸ், சும்மா சொல்லக்கூடாது. பாராட்டலாம்னுதான் போன் போட்டேன். தல? லைன்ல இருக்கியா?"

அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வாத்தை அவன் நேரில் பார்த்ததில்லை. வேறு நாட்டில் இருப்பவன். தன் படத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் வாத்தை வைத்திருப்பான். இருவரும் சேர்ந்து ஒரு ஜாவா லைப்ரரியைப் பராமரித்தார்கள். மனிதர்கள் ஒரே வரியில் கொட்டும் முகவரியை வாங்கி, பெறுநர், கதவு எண், மாடி, தெரு, ஊர் என்று பிரித்துத் தரும் சின்னக் கருவி. இலவசம். யாரும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். யாரும் திறந்து பார்க்கலாம். கடைகளும் வங்கிகளும் கூரியர் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன.

இதைவிட வேகமான லைப்ரரிகள் இருந்தன. இதற்குப் பெயர் வாங்கித் தந்தது ஆவணம். ஒவ்வொரு செயலையும் என்ன செய்யும், என்ன செய்யாது, எங்கே தடுமாறும் என்று அவன் எழுதி வைத்திருந்தான். அதில் அவனுக்கு ஒரு விதி உண்டு. உதாரணத்தைக் கையால் எழுதக்கூடாது. கையால் எழுதிய உதாரணம் எழுதிய அன்று சரியாக இருக்கும். நிரல் மாறியதும் பொய்யாகிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் நிரலைச் சோதிக்கும் கோப்பிலிருந்தே உதாரணங்கள் ஆவணத்துக்குத் தாமாகப் போகும்படி செய்திருந்தான். சோதனையில் தேறியது மட்டும் ஆவணத்தில் வரும். புதிதாகச் சேர்ந்த சோதனை, வெளியீட்டுக் குறிப்பின் தலையில் நிற்கும். இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினான். கைதட்டினார்கள்.

முயல் அவன் தங்கை. சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். அதனால் வந்த பெயர். வீட்டுக்குள் மட்டும் புழங்கியது.

மாதத் தொடக்கத்தில் அவள் மகளுக்கு ஒரு கட்டில் வாங்கினாள். கூரியர்காரன் அதைக் கீழே சலவைக் கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். சீட்டில் மாடி இல்லை. பின்படிக்கட்டு இல்லை.

"அண்ணா, உன் லைப்ரரிக்குப் படிக்கட்டே தெரியாதாமே," என்று போனில் சிரித்தாள். "சலவைக் கடைக்காரர் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு பேப்பர் படிக்கிறார். கேட்டா, கட்டிலுக்கும் இஸ்திரி போட்டுத் தரேங்கிறார்."

அவள் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது. அவன் அன்றே உட்கார்ந்தான். பிழையை மறுபடி வரவழைக்க, அவள் கட்டில் கடைக்குக் கொடுத்திருந்த முகவரியை அப்படியே சோதனைக் கோப்பில் ஒட்டினான். அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, கைக்கு வந்த சொல்லை அடித்தான். பெயரில்லாத முகவரி வெறும் முகவரி என்று அப்போது தோன்றியது. மற்றதை வெளியிடும் முன் மாற்றிவிடலாம் என்றும் தோன்றியது. மாடியும் படிக்கட்டும் ஒன்றையொன்று விழுங்கின. நாள்கணக்கில் மல்லுக்கட்டினான். சோதனை தேறித் திரையில் பச்சையானபோது நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினான். அந்த வேகத்திலேயே வெளியிட்டான்.

முயல் யாரென்று தெரிந்தவர்கள் உலகில் மூன்று பேர். அவன், அவள், அவள் கணவன்.

கணவனும் ஜாவா எழுதுபவன். இந்த லைப்ரரியின் ஆவணத்தில் பிழை கண்டு சொன்ன முதல் வெளியாள் அவன்தான். ஒரு எண் தவறியிருந்தது. அத்தனை கவனமாகப் படிக்கிற மனிதரைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. தங்கை பரிமாறினாள்.

அந்த மனிதன் சத்தம் போடுகிறவன் அல்ல. திருத்துகிறவன். அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பான். அவள் சொன்ன வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்வான், சரியாக வரும்வரை. ஒருநாள் அப்படித் திருத்தியதில் அவளுக்கு இடது காது கேட்காமல் போனது. மகளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி அண்ணனிடம் வந்தாள். தன் வீடு கணவனுக்குத் தெரியும் என்பதால், அண்ணன் நகரத்தின் மறுகோடியில் இந்த வீட்டைத் தேடிப் பிடித்தான். வாடகை ஒப்பந்தத்தில்கூட அவள் பெயர் வராமல் பார்த்துக்கொண்டான்.

கணவன் வேலை செய்யும் நிறுவனம் இந்த லைப்ரரியைப் பயன்படுத்தியது. புதிய பதிப்பு வந்தால் குறிப்பைப் படித்து, எடுத்துக்கொள்ளலாமா என்று சொல்வது அவன் பொறுப்பு.

"தல," என்றான் வாத்து. அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "என்ன பண்ணலாம் சொல்லு."

"நீக்கணும்."

"எதை நீக்குவ? விளையாடறியா?"

எல்லா ஜாவா லைப்ரரிகளும் போய்ச் சேரும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு. அதில் ஒரு பதிப்பை வைத்துவிட்டால் மாற்ற முடியாது, எடுக்க முடியாது. யாரோ ஒருவன் கோபத்தில் தன் லைப்ரரியைப் பிடுங்கிக்கொண்டு போனால், அதை நம்பி ஓடும் ஆயிரம் நிரல்கள் நின்றுபோகும். அதற்காக வைத்த விதி. நல்ல விதி. அதை ஆதரித்து அவனே எழுதியிருக்கிறான்.

களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எழுதினான். ஓர் உயிர் சம்பந்தப்பட்டது என்று எழுதினான். உடனே பதில் வந்தது. இயந்திரம் அனுப்பிய பதில். விடுமுறை நாள், வேலை நாளில் வரிசைப்படி பார்ப்பார்கள்.

தன் தளத்தில் இருந்த பக்கத்தை எடுத்தான். தேடிப் பார்த்தான். அதே பக்கம் வேறு இடங்களில் இருந்தது. திறந்த மூல ஆவணங்களைத் தாமாகவே நகலெடுத்து வைக்கும் தளங்கள். யாரையும் கேட்க மாட்டார்கள். முன்பு அந்தத் தளங்களில் தன் பக்கத்தைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டிருக்கிறான்.

"நாலு புள்ளி ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு புதுப் பதிப்பு விடறேன்," என்றான். "அந்த வரி இல்லாம."

"விடு. உடனே என்ன நடக்கும்? ரெண்டு பதிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, என்ன மாறிச்சுன்னு தளமே காட்டும். நீக்கின வரி சிவப்புல நிக்கும். வேற ஒண்ணுமே மாறியிருக்காது. அந்த ஒரே வரி. குறிப்பைப் படிக்காதவன்கூட அதைப் படிப்பான்."

"வேற நிறைய மாத்தறேன். அதுக்கு நடுவுல இதையும்."

"அவர் எல்லாத்தையும் படிக்கிறவர்னு சொன்ன."

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"நூறு முயல் விடுவோமா?" என்றான் வாத்து. "கேலி இல்ல, நிஜமாத்தான். நூறு சோதனை. எல்லாத்துலயும் பெறுநர் முயல். நூறு ஊர், நூறு தெரு. இது சும்மா நாம வச்சுக்கிட்ட பேருன்னு ஆயிடும். எந்தப் பொந்துல எந்த முயல்னு அவர் தேடிட்டுக் கிடக்கட்டும்."

அது அபத்தமாக இருந்தது. வேறு வழியும் இல்லை. இருவரும் ஆளுக்குப் பாதி எழுத ஆரம்பித்தார்கள். முயல், ஆலை வாசல், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். முயல், தையற்கடை, உள்அறை. முயல், ரயில் குடியிருப்பு, கடைசி வரிசை. அவன் விரல்கள் தப்பு தப்பாக அடித்தன. நடுநடுவே தங்கைக்குப் போன் செய்தான். அடித்து ஓய்ந்தது. விடுமுறை நாளில் அவள் துணி துவைப்பாள். போன் இடது பக்கம் எங்காவது கிடக்கும்.

பாதி வழியில் திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. லைப்ரரியின் பொதுப் புகார்ப் பக்கத்தில் யாரோ ஒரு புகார் பதிந்திருக்கிறார்கள்.

அவன் திறந்தான்.

கணவன் எப்போதும் போலவே எழுதியிருந்தான். மரியாதையான, சுருக்கமான நடை. பதிப்பு நான்கு புள்ளி இரண்டு, வெளியீட்டுக் குறிப்பு, முதல் உதாரணம். மாடி நான்கு என்று பிரிக்கப்பட்டுள்ளது. இந்தக் கட்டடத்தில் தரைத்தளம் ஒன்றாக எண்ணப்படுகிறதா, பூஜ்யமாகவா? ஆவணத்திலிருந்து தெளிவாகவில்லை. பயன்படுத்துபவர் தவறான கதவைத் தட்டிவிட வாய்ப்புண்டு. கடைசியில், நன்றி.

"தல," என்றான் வாத்து. அவனும் திறந்திருந்தான். "நூறு முயல் வேண்டாம். நீ போ."

அவன் பதில் எழுதும் கட்டத்தில் விரலை வைத்தான். பூஜ்யம் என்று எழுதலாம். ஒரு மாடி அதிகம் ஏறுவான். அங்கே மொட்டைமாடிக் கதவு, பூட்டியிருக்கும். அதற்கு எத்தனை நிமிடம் வீணாகும்? எழுதினால், படித்ததாகத் தெரிந்துவிடும். உண்மையான முகவரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மேசையை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

கணவனின் ஊரிலிருந்து ரயிலில் வர அரைநாள் ஆகும். காலையில் ஏறியிருந்தால் மாலை வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். புகாரை ரயிலில் உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாம்.

பேருந்தில் ஜன்னலோரம் நின்றபடி காவல் நிலையத்துக்குப் போன் செய்தான். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"மிரட்டினாரா?"

"இல்ல. மாடி எண் கேட்டிருக்கார்."

"மாடி எண்ணா?"

"தரைத்தளத்தைச் சேர்த்து எண்ணணுமா வேணாமான்னு."

மறுமுனையில் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"இதுல மிரட்டல் எங்க இருக்கு சார்?"

"அவர் வரார் சார். அதான் மிரட்டல்."

"முகவரியை அவருக்கு யார் கொடுத்தது?"

பேருந்து ஒரு பாலத்தின் மேல் ஏறியது.

"நான்தான்," என்றான்.

"வந்து தகராறு பண்ணினா உடனே கூப்பிடுங்க," என்றார் அவர். அன்பாகவே சொன்னார்.

சலவைக் கடை பூட்டியிருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு. கடையின் நீராவிக் குழாய் இரண்டாவது திருப்பத்தில் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தது. அதற்குக் கீழே சுவர் வெளுத்திருந்தது. அவன் ஏறி மேலே வந்தபோது கதவு திறந்தே கிடந்தது.

தங்கை வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பொடிசு என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள்.

"மாமா வந்தாச்சு," என்றாள் பொடிசு, தலையைத் தூக்காமல்.

"என்னண்ணா இது, மூச்சு வாங்குது? நாலாவது மாடின்னு பேர்தான். ஏறறது மூணுதான். இதுக்கே இப்படின்னா உன்னை யார் கட்டிக்குவா?" அவள் கையை உதறினாள். "உட்காரு. சாப்பிட்டியா?"

"போன் ஏன் எடுக்கல?"

"எங்க கிடக்கோ. ஏன்? என்ன?"

வழியெல்லாம் யோசித்து வைத்த முதல் வாக்கியம் காணாமல் போயிருந்தது. போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினான். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதலில் உதாரணத்தைப் படித்தாள். பிறகு புகாரைப் படித்தாள். படிக்கும்போது உதடுகள் அசைந்தன. நன்றி என்ற சொல்லில் அசைவு நின்றது.

"இது எப்போ வந்தது?"

"காலையில."

"இது?"

"நேத்து. நான்தான் வெளியிட்டேன். அந்தக் கட்டில் விஷயம். பிழையைச் சரி பண்றதுக்காக. உன் பேரை மாத்திட்டேன்."

"மாத்தி?"

அவன் தலை குனிந்தான்.

"அண்ணா, நீ என் பேரையே போட்டிருக்கலாம். என் பேர்ல ஊருக்கு நாலு பேர் இருப்பாங்க."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அழுவாள் என்று நினைத்தான். திட்டினாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவள் வாளியிடம் திரும்பிப் போய், ஊறிக்கொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததை பிளாஸ்டிக் பையில் போட்டாள். எல்லாம் குழந்தையின் துணிகள். மிச்சத்தை வாளியிலேயே விட்டாள்.

"அழிக்க முடியாதா?"

"முடியாது."

"நீ பண்ணதுதானே?"

"நான் பண்ணதுதான். ஆனா முடியாது."

"நல்லா இருக்கு," என்றாள்.

கட்டிலுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கினாள். அவன் உதவ எழுந்தான். அவள் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். பள்ளிச் சான்றிதழ், மருந்து, பொடிசின் ஸ்வெட்டர், கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கிய நல்ல செருப்பு. எது எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. எல்லாம் எடுக்கத் தோதாகவே வைக்கப்பட்டிருந்தன. இத்தனை மாதமாக அவள் இந்த வீட்டில் குடியிருக்கவில்லை, கிளம்பத் தயாராக இருந்திருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"என் வீட்டுக்கு வேண்டாம்," என்றான். "நான் ஒரு ஓட்டல் பார்க்கறேன். இப்பவே டிக்கெட் போடறேன், எந்த ஊர்னு மட்டும் சொல்லு. எனக்கு ஒரு சிநேகிதன்—"

"வேண்டாம்."

"வண்டியாவது கூப்பிடறேன்."

"உன் போன்லேருந்து ஒண்ணும் வேண்டாம்ணா."

"பின்ன எப்படிப் போவ?"

அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. பின்னுக்கு இழுத்து மறுபடி இழுத்தாள்.

"கடையில கூட வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி இருக்கா. அவளுக்கு ஒரு இடம் தெரியும். எங்கன்னு நீ கேக்காத."

"எனக்கு மட்டும் சொல்லு முயல். நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்ட. எழுதிடுவ." அவள் குரல் உயரவில்லை. "வேணும்னு இல்ல. ஏதோ ஒண்ணு சரியா வரலைன்னு உட்காருவ, சரி பண்ணுவ, அதை எங்கயாவது எழுதி வைப்ப. உன்னால எழுதாம இருக்க முடியாது. உன் குணம் அது. உனக்குத் தெரியாம இருக்கறதுதான் எனக்கு நல்லது."

"போய்ச் சேர்ந்ததும் ஒரு போன்..."

"பார்க்கலாம்."

"முயல்."

"அப்படிக் கூப்பிடாத."

பொடிசு வரைந்துகொண்டிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறோம் மாமா?"

"மாமாவைக் கேக்காத," என்றாள் தங்கை. "மாமாக்குத் தெரியாது."

"என் கட்டில் வருமா?"

"வராது."

"இப்பத்தானே வந்துச்சு!"

குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட அவன் குனிந்தான். பட்டை விரலுக்குள் நிற்கவில்லை. பொடிசே மாட்டிக்கொண்டாள்.

வாசலில் நின்று தங்கை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீ இங்கயே இரு," என்றாள். "கதவு பூட்டியிருந்தா அவர் நேரா ஸ்டேஷனுக்குப் போவார், பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். ஆள் இருந்தா உட்காருவார். பேசு. லைப்ரரியைப் பத்திப் பேசு. உங்க ரெண்டு பேருக்கும் அதுல பேச்சு நிக்காதே."

"எவ்வளவு நேரம்?"

"முடிஞ்ச வரைக்கும்."

இரும்புப் படிகளில் பெட்டி இடித்து இடித்து இறங்கும் சத்தம் கேட்டது. பொடிசு ஏதோ கேட்டாள். பதில் காதில் விழவில்லை. அவன் ஜன்னலுக்குப் போகவில்லை. எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று தெரிந்துவிடும்.

வாளியில் நீர் கலங்கிக் கிடந்தது. அதைக் கொட்டினான். துணி ஊறிக் கிடந்தால் அவள் திரும்பி வருவாள் என்று கணவன் காத்திருப்பான், கொட்டியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. அடுப்பைத் துடைத்தான். ஒரே ஒரு நாற்காலி இருந்தது, கட்டில் இருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். வாத்திடமிருந்து செய்தி வந்தபடி இருந்தது. களஞ்சியத்தில் வேலை செய்யும் யாரையோ தெரிந்தவரைத் தெரியுமாம். கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அவன் போனை மேசையில் குப்புற வைத்தான்.

வெயில் சுவரில் சரிந்து சிவந்தபோது படிக்கட்டு அதிர்ந்தது. அவசரம் இல்லாத நடை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பார்த்து, ஏறுகிற நடை. கதவுக்கு வெளியே வந்து நின்றது. விரல் மடக்கி இரண்டே தட்டு.

அவன் திறந்தான்.

"வாங்க மாப்ள."

"மச்சான்." கணவன் வியப்படைந்ததாகத் தெரியவில்லை. சட்டை கசங்கியிருந்தது. தோளில் ஒரு பை. செருப்பை வாசலில் கழற்றி நேராக வைத்தான். "தரைத்தளத்தையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கீங்க. ஒரு மாடி மேல போயிட்டு வரேன். ஆவணத்துல சொல்லியிருக்கணும்."

"ஆமா. விட்டுப்போச்சு."

"மத்தபடி சரியா இருந்தது. சலவைக் கடை, பின்படிக்கட்டு, எல்லாம். யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கல. உங்க ஆவணம் எப்பவுமே அப்படித்தான்."

கணவன் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். ஒரே அறை. பார்க்க வேறு எதுவும் இல்லை. தரையில் ஒரு கிரையான் துண்டு கிடந்தது. எடுத்து மேசை விளிம்புக்கு இணையாக வைத்தான். நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எங்க?"

"தெரியாது."

"உங்களுக்கா?"

"எனக்குத் தெரியாது மாப்ள."

கணவன் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தான். ஒரு பக்கத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது போலப் பார்த்தான். அவனுக்கு வியர்த்தது. ஆனால் முகத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. கணவனுக்கு அது தெரிந்தது.

"சரி," என்றான். "உங்களுக்குத் தெரியலை. நம்பறேன். நீங்க பொய் சொல்றவர் இல்ல."

"டீ போடட்டுமா?"

"வேண்டாம்."

"அந்த மாடி எண்ணும் பிரச்சினை," என்று அவன் ஆரம்பித்தான். குரல் தன்னுடையது போல இல்லை. "நீங்க சொன்னது நல்ல புகார். கட்டடத்துக்குக் கட்டடம் மாறுது. அதை அமைப்பிலேயே ஒரு தேர்வாக் கொடுக்கலாமான்னு யோசிச்சேன். பயன்படுத்துறவரே தரைத்தளம் ஒன்றா பூஜ்யமான்னு சொல்லணும். சொல்லலைன்னா ஊகிக்கக் கூடாது, நின்னுடணும்."

"ஊகிக்கக் கூடாது," என்றான் கணவன். "சரிதான்."

"ஆனா பழைய நிரல் எல்லாம் உடையும்."

"அடுத்த பெரிய பதிப்புல பண்ணுங்க. இப்ப எச்சரிக்கை மட்டும் கொடுங்க."

"அப்படித்தான் நானும்..."

பேச்சு ஓடியது. தங்கை சொன்னது சரி. எதைத் தொட்டாலும் அடுத்தது வந்தது. கணவன் நல்ல யோசனைகள் சொன்னான். ஒன்றிரண்டு, அவனுக்கு வருடக்கணக்கில் தோன்றாதவை. வெளிச்சம் சுவரை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. இன்னும் ஒரு பேருந்து, இன்னும் ஒரு ரயில் என்று அவன் மனத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

மேசையில் போன் அடித்தது.

குப்புறக் கிடந்தபடியே அதிர்ந்து, மரத்தின் மேல் மெல்ல நகர்ந்தது. வாத்தாக இருக்கலாம். களஞ்சியக்காரர்களாக இருக்கலாம். போய்ச் சேர்ந்தவளாக இருக்கலாம். போய்ச் சேராதவளாக இருக்கலாம். அவன் எட்டி அதன் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"எடுங்க மச்சான்," என்றான் கணவன்.

"அப்புறம் பேசிக்கறேன்."

"எடுங்க. முக்கியமா இருக்கும்."

அவன் எடுக்கவில்லை. கணவனின் கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுப் பிடி இல்லை. கட்டைவிரல் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, அங்கே நின்றது. முழங்கை வரை வலி ஏறியது.

உள்ளங்கைக்குக் கீழே அதிர்வு நின்றது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஆரம்பித்தது.

"எடுங்க," என்றான் கணவன், அதே குரலில்.

அவன் தன் எடை முழுவதையும் அந்தக் கையின் மேல் சாய்த்தான்.